கேட்டதற்கு மட்டும் பதில்

ஜூன் 12

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். போனும் மின்னஞ்சலும் இருக்க, இவள் ஏன் தாளில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். நம் இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து நான் உங்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல் எல்லாம் இரண்டு டீன்களுக்கும் நகலாகப் போகிறது. போன வாரம் கடைசி வரியாக உங்கள் முட்டிவலியை விசாரித்திருந்தேன். எங்கள் டீன் நடைபாதையில் என்னை நிறுத்தி, "அவருக்கு முட்டி இப்ப தேவலையா?" என்று கேட்கிறார். போன் செய்தாலோ நீங்கள் என்னைப் பேசவே விடுவதில்லை. அதனால்தான் தாள்.

பாடம் இந்த வாரம் தொடங்கிவிட்டது. உங்கள் மலையில் நிலம் ஆடும், எங்கள் கரையில் தண்ணீர் ஏறும். உங்கள் மாணவர்கள் எங்கள் ஆற்றோரப் பள்ளிக்கூடத்துக்கு வரைபடம் போட வேண்டும். என் மாணவர்கள் உங்கள் சரிவில் ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போட வேண்டும். யாரும் நேரில் போய்ப் பார்க்கக் கூடாது. எழுதிக் கேட்கலாம். கேட்டதற்கு மட்டும் பதில். கேட்காததை நாமாக வாய்திறந்து சொல்லக் கூடாது. விதி என்னுடையதுதான், ஆனால் கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கிறது.

இந்த வருடம் விஷயம் காகிதத்தோடு நிற்காது. பழைய பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக, அதன் மைதானத்திலேயே உங்கள் மாணவர்கள் போடும் வரைபடத்தின்படியே கட்டுவதாக நகராட்சி சொல்லிவிட்டது. சாதாரண நாளில் பள்ளிக்கூடம், வெள்ளம் வந்தால் தெரு முழுக்க மாடியில் ஏறி நிற்க வேண்டிய இடம். நம் பெண் இரண்டாம் வகுப்பு எடுப்பது அங்கேதான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொட்டாவி விடுகிறவர்களைக் கொஞ்சம் உலுக்கி உட்கார வையுங்கள்.

முதல் கேள்விகளுக்கான பதில்களை இணைத்திருக்கிறேன். ஒரு பிள்ளை, "அங்கிருந்து கடல் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறது. தெரியும் என்று எழுதிவிட்டேன். எதற்குக் கேட்டது என்றுதான் புரியவில்லை.

மருமகள் நலம். அவள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

*

ஜூன் 27

சம்பந்தி அம்மாவுக்கு,

கடல் தெரியுமா என்று கேட்டவள் எங்கள் வகுப்பின் அமுக்குணி. நான் வைத்த பெயர் இல்லை, கூடப் படிப்பவர்கள் வைத்தது. நாள் முழுக்க வாயைத் திறக்க மாட்டாள், திறந்தால் இப்படி ஏதாவது கேட்டு வைப்பாள். ஏன் கேட்டாய் என்றேன். "பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு சார், பிள்ளைங்களுக்கும் இருக்கும்ல" என்றாள். அதிரும் மேடையில் மாதிரிக் கட்டடத்தை வைத்து ஆட்டுவதைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

அந்த மேடை வந்து இறங்கியதிலிருந்து துறையில் ஒருவரும் வேலை செய்வதில்லை, அம்மா. எதைக் கண்டாலும் தூக்கி வைத்து ஆட்டிப் பார்க்கிறார்கள். நேற்று அலுவலக உதவியாளரின் சாப்பாட்டு டப்பாவை ஆட்டியிருக்கிறார்கள். மூடி கழன்றுவிட்டது, ஆனால் எந்த வேகத்தில் கழன்றது என்று குறித்து வைத்திருக்கிறார்கள். இவர்களைத் திட்டுவதா, தட்டிக்கொடுப்பதா?

உங்கள் விதிக்குக் கட்டுப்படுகிறேன். வயிற்றெரிச்சலோடுதான் கட்டுப்படுகிறேன். உங்கள் பிள்ளைகள் எங்கள் சரிவைப் பற்றி மண், பாறை, நடுக்கம் என்று குடைந்து குடைந்து கேட்கிறார்கள். ஆனால் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்கவே இல்லை. நாக்கு நுனியில் நிற்கிறது. சொல்ல மாட்டேன்! எப்படி இருக்கிறது?

எங்கள் பக்கத்துக் கேள்விகள் இரண்டாவது தாளில். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும், எத்தனை நாள் நிற்கும், மாடியில் எத்தனை பேர் நிற்பார்கள். பெண் போனில் "நல்லா இருக்கேன்ப்பா" என்பதோடு முடித்துக்கொள்கிறாள். அவள் எப்படி இருக்கிறாள் என்று உங்களைக் கேட்கிறேன். கேட்டுவிட்டேன், இனி விதிப்படி நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

*

ஆகஸ்ட் 9

சம்பந்தி அவர்களுக்கு,

கேட்டதற்குப் பதில்: உங்கள் பெண் சரியாகத் தூங்குவதில்லை. பழைய பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகுகிறது, வாளி வைத்துப் பாடம் எடுக்கிறாள். புதுக் கட்டடம் எப்போது என்று வாரம் ஒருமுறை என்னிடம் கேட்கிறாள். மற்றபடி நலம். என் மகனோடு சண்டை போடும் அளவுக்கு நலம்.

வரைபடம் வந்து சேர்ந்தது. தூண்களும் உத்தரங்களும் அருமை, என் மாணவர்கள் வாயைப் பிளந்தார்கள். கடல் பக்கம் தடித்த சுவர் வைத்து, அதன் மறைவில், பின்பக்கமாகப் படிக்கட்டை வைத்திருக்கிறார்கள். அழகான படிக்கட்டு.

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் தண்ணீரைப் பற்றி ஒன்று கேட்காமல் விட்டுவிட்டார்கள். கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்வேன். கேட்கச் சொல்லுங்கள், சம்பந்தி. இவ்வளவு சொன்னதே விதிமீறல்தான்.

வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து மருமகளிடம் காட்டினேன். அவள் விரல் நேராகப் படிக்கட்டில் போய் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். "அத்தை, அப்பாகிட்ட சொல்லிடுங்க" என்றாள். "அவங்களே கேக்கட்டும்மா. நாம சொல்லிட்டா எழுதிக்குவாங்க, கத்துக்க மாட்டாங்க. நாளைக்கு வேற ஊருக்குக் கட்டப் போகும்போது பக்கத்துல உக்காந்து யார் சொல்லுவா?" என்றேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்கு மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். வாங்கியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது.

*

செப்டம்பர் 2

சம்பந்தி அம்மாவுக்கு,

கோபத்தில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

பெண் நேற்று போன் செய்தாள். "அப்பா, படிக்கட்டைப் பத்தி அத்தைகிட்ட கேளுங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. என் மனைவி ஒருபக்கம் "பொண்ணு அழுதாளா, அழுதாளா" என்று துளைக்கிறாள். உங்கள் போன கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். கேட்கச் சொல்லுங்கள் என்று நீங்கள் எழுதியதை அப்போது வாத்தியார் குறும்பு என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். மாணவர்களிடம் சொன்னேன். அவர்கள் தண்ணீரின் வேகம், சேறு, உப்பு என்று இருபது கேள்வி எழுதி அனுப்பினார்கள். அத்தனைக்கும் ஒழுங்காகப் பதில் எழுதி அனுப்பினீர்களே, எப்படி மனசு வந்தது?

மாணவர்களுக்குச் சோதனை வைப்பது வேறு, கட்டடத்துக்குச் சோதனை வைப்பது வேறு. மதிப்பெண் போனால் அடுத்த பருவத்தில் வாங்கிக்கொள்ளலாம். அஸ்திவாரம் போட்ட பிறகு படிக்கட்டை யார் தூக்கி நகர்த்துவது? அங்கே என் பெண் நிற்கப் போகிறாள், அம்மா. அவள் பின்னால் முப்பது குழந்தைகள் நிற்கப் போகிறார்கள்.

பேராசிரியராக அல்ல, பெண்ணைப் பெற்றவனாகக் கேட்கிறேன். படிக்கட்டில் என்ன குறை? கேட்டுவிட்டேன். பதில் வேண்டும்.

*

செப்டம்பர் 2

சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் கேட்கும்வரை காத்திருக்கப் போவதில்லை.

இன்று பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். நகராட்சிப் பொறியாளர் கயிறு கட்டி அளந்து முளை அடித்துவிட்டார். ஜல்லிக் குவியலில் குழந்தைகள் ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தன. படிக்கட்டு வரும் மூலையில் முளை நிற்பதைப் பார்த்தேன். எனக்கே என் விதி வெறுத்துப்போயிற்று.

உங்கள் பிள்ளைகள் தண்ணீர் எவ்வளவு வரும் என்று கேட்டார்கள். எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கேட்கவில்லை. கடலோர ஊர் என்றதும் கடலிலிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டார்கள். இங்கே அப்படி இல்லை. பெருமழையில் ஆறு பெருகி வரும்போது கடலும் ஏற்றத்தில் இருந்தால், ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் இறங்க முடியாமல் அப்படியே திரும்பும். பள்ளிக்கூடத்தின் பின்பக்கத் தாழ்வில்தான் முதலில் ஏறும். முன்பக்கச் சாலை மேடு, அங்கே அரைநாள் வரை காலே நனையாது. ஆக, அந்தத் தடித்த சுவர் காய்ந்தபடி நிற்கும், அதன் மறைவில் பத்திரமாக வைத்த படிக்கட்டு முதலில் முழுகும்.

படிக்கட்டு சாலைப் பக்கம் வர வேண்டும். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளமும் வேண்டும். சீக்கிரம் மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு டீன்களுக்கும் விதியை மீறியவள் நான் என்று மின்னஞ்சலிலேயே எழுதிவிட்டேன்.

*

செப்டம்பர் 13

சம்பந்தி அம்மாவுக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உங்களுடையது வந்தபோது, என்னுடையதைத் தபால்காரர் கையிலிருந்து பிடுங்கிவிடலாமா என்று இருந்தது. எழுதிய எதையும் வாபஸ் வாங்கவில்லை. குரலை மட்டும் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன்.

வகுப்பில் உங்கள் கடிதத்தைப் படித்தேன். "ஆறு திரும்பி வருமா சார்?" என்று ஆளாளுக்கு எழுந்து கேட்டார்கள். மலையில் பிறந்தவனுக்குத் தண்ணீர் கீழே மட்டும்தான் போகும், அம்மா. எனக்கே நம்பப் பிடிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியை எடுத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, அலுவலகத் தரையெல்லாம் நனைத்து, கடைசியில் நம்பினோம். புதிய வரைபடம் இணைப்பில். படிக்கட்டும் சாய்தளமும் சாலைப் பக்கம் வந்துவிட்டன.

இனி என் பங்கு. நான் நாக்கு நுனியில் வைத்திருந்தது இதுதான்: நீங்கள் மருத்துவமனை போட்டிருக்கும் சரிவில் ஓர் ஊற்று இருக்கிறது. மழைக்காலத்தில் மண்ணுக்குள்ளேயே கசிந்து இறங்கும். சரிவு மண்ணைப் பிடிக்க நீங்கள் போட்ட தாங்குசுவர் அதை மறித்து நிற்கிறது. சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் நிலநடுக்கமே தேவையில்லை, சுவர் தானாகச் சாயும். தண்ணீர்ப் படிப்பு படிக்கிற பிள்ளைகள், ஊற்று உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை! உங்களுடையது இந்த வருடம் கட்டப்போகிற கட்டடம் இல்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். கோபப்படும் தகுதி எனக்கு அரைவாசிதான்.

வகுப்பு முடியும்போது அமுக்குணி கையைத் தூக்கினாள். "மேடத்துக்கு ஒரு கேள்வி அனுப்பலாமா சார்? நாங்க கேக்காம விட்டது வேற என்ன இருக்கு?" மற்றவர்கள் சிரித்தார்கள், இது போங்கு ஆட்டம் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் கேள்வி கேள்விதான். அனுப்பியிருக்கிறேன்.

*

அக்டோபர் 4

சம்பந்தி அவர்களுக்கு,

அந்தப் பெண்ணின் கேள்வி என்னைப் படுத்திவிட்டது. வேறு ஒன்றும் இல்லை என்று எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. அவர்கள் கேட்காதது எனக்குத் தெரியும். நானே யோசிக்காதது இருந்தால்?

அதனால் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் ஓர் ஒத்திகை வைத்துவிடுவோம் என்று நகராட்சியை நச்சரித்தேன். காலி மைதானத்தில் உங்கள் வரைபடத்தைச் சுண்ணாம்புக் கோடாக இழுத்தோம். சாய்தளம் தொடங்கும் இடத்தில் இரண்டு கொடி. தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: "நடிக்க வேண்டாம். நிஜமா தண்ணி வந்தா என்ன செய்வீங்களோ அதையே செய்ங்க." சனிக்கிழமை காலை சைரன் ஊதியது.

நான் என் வீட்டிலிருந்து கிளம்பிப் போய், கொடியின் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வண்டிகள் வந்தன. ஸ்கூட்டர், கார், சரக்கு வண்டி, ஒரு கல்யாண மண்டபத்து வேன். ஒவ்வொருவரும் வண்டியைக் கொண்டுவந்து சாலையில் நிறுத்திவிட்டு, அப்பாடா என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றார்கள். எங்கள் பக்கத்தில் உயரமான இடம் அந்தச் சாலை ஒன்றுதான். வண்டியை வேறு எங்கே கொண்டுபோவார்கள்? சாய்தளத்தின் வாய் அடைத்துப்போயிற்று. தையல்காரர் தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து, இரண்டு கார்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். அந்த அம்மா, "திருப்புடா, வீட்டுக்கே போயிடலாம்" என்றார்.

நம் பெண் பழைய கட்டடத்திலிருந்து தன் வகுப்பைச் சுற்றுவழியில் அழைத்து வந்தாள். இந்தப் பக்கம் குழந்தைகள், அந்தப் பக்கம் கொடி, நடுவே வண்டிகள். அவள் ஒரு ஸ்கூட்டரின் மேல் ஏறி நின்று, குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினாள். குழந்தைகளுக்கு விளையாட்டாக இருந்தது, கைதட்டின. அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

அவள் ஏறி நின்ற ஸ்கூட்டர் என்னுடையது. சைரன் கேட்டதும் நான் அதைத்தான் எடுத்தேன். கொடியை ஒட்டி, எல்லோருக்கும் முன்னால், நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தியவள் நான்தான்.

வெள்ளம் வரும்போது வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்று உங்கள் பிள்ளைகள் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும், வீட்டு வாசலில் என்று தயங்காமல் பதில் எழுதி அனுப்பியிருப்பேன். இத்தனை வருடம் தண்ணீரைப் பாடமாக நடத்துகிறேன், எனக்கே இது தெரியவில்லை.

திங்கட்கிழமை போட வேண்டிய கான்கிரீட்டை நிறுத்தச் சொன்னேன். பொறியாளர் கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், மழைக்கு முன்னாடி அடித்தளம் போடலைன்னா இந்த வருஷ அனுமதி போயிடும். அடுத்து எப்ப வரும்னு எனக்கே தெரியாது." அக்டோபர் 21 வரை கெடு கொடுத்திருக்கிறார். அதற்குள் வழி சொல்லாவிட்டால், இருக்கும் வரைபடத்தையே போட்டுவிடுவார். அதையும் நிறுத்தினால் ஒழுகும் கூரைக்கு அடியில் இன்னொரு மழைக்காலம். எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, சம்பந்தி. உதவி செய்யுங்கள்.

*

அக்டோபர் 9

சம்பந்தி அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்த அன்றே வகுப்பைக் கூட்டிப் படித்தேன். கல்யாண மண்டபத்து வேன் வந்தபோது சிரித்தார்கள். ஸ்கூட்டர் யாருடையது என்று வந்ததும் வரைபடத்தை எடுத்து மறுபடி விரித்தார்கள்.

பிறகு ஆளாளுக்கு வழி சொல்லத் தொடங்கினார்கள். சங்கிலி கட்டலாம், அபராதம் போடலாம், போலீஸ்காரர் ஒருவரை நிறுத்தலாம். அமுக்குணி கடைசி வரை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, "சார், மேடம் ஏன் முதல்ல வண்டிய எடுத்தாங்க?" என்றாள். குத்திக் காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறாள்.

கேள்வி உங்களுக்கு.

இன்னொன்று. விதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன், உங்களைக் கேட்கவில்லை. நாளைக் காலைப் பேருந்தில் என் வகுப்பு முழுவதும் உங்கள் ஊருக்கு வருகிறது, இந்தக் கடிதம் அமுக்குணியின் கையில்தான் வருகிறது. உங்கள் பிள்ளைகளை இங்கே ஏற்றி அனுப்புங்கள், ஊற்றைக் காட்டுகிறேன். நான் வரவில்லை, இங்கே ஒருவர் இருந்தாக வேண்டும். என் பெண்ணிடம், அப்பா போன் செய்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

*

அக்டோபர் 20

சம்பந்தி அவர்களுக்கு,

என் பிள்ளைகள் உங்கள் சரிவில் முழங்கால்வரை சேற்றோடு நிற்கும் படம் வந்தது. சுவரில் தண்ணீர் வழிய வழி விட்டுப் புதிதாக வரைகிறார்களாம். நன்றி.

அந்தப் பெண்ணுக்கு நேரில் பதில் சொன்னேன். ஏன் முதலில் வண்டியை எடுத்தேன் என்று எனக்கே இரண்டு நாள் யோசித்த பிறகுதான் தெரிந்தது. உயிர் போய்விடும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் வடிந்த மறுநாள் எப்படி வேலைக்குப் போவது என்றுதான் தோன்றியது. தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான். சரக்கு வண்டிக்காரருக்கு அந்த வண்டி போனால் வீட்டில் அடுப்பு எரியாது. நாம் வெள்ளம் வருகிற நாளுக்குக் கட்டிக்கொண்டிருந்தோம், ஊர் அதற்கு அடுத்த நாளுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. இதைச் சொன்னதும் அவள், "அப்ப வண்டிக்குத்தான் முதல்ல இடம் குடுக்கணும் மேடம்" என்றாள்.

மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று நாள் தெருத் தெருவாக நடந்தார்கள். வீடுகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே, சாலை திரும்பும் இடத்தில் நகராட்சியின் காலி மனை ஒன்று இருக்கிறது. அதை மேடாக்கி வண்டிகளுக்குக் கொடுத்துவிடலாம், கட்டடத்துக்குத் தோண்டும் மண்ணே அதற்குப் போதும் என்று கணக்குப் போட்டார்கள். சாய்தளத்தின் வாயில் கல் தூண்கள் நட்டால் நாற்காலி நுழையும், வண்டி நுழையாது. சுண்ணாம்புக் கோடு இழுத்து மறுபடி ஒத்திகை வைத்தோம். நான் போன தடவை போலவே ஸ்கூட்டரைத்தான் முதலில் எடுத்தேன். மேடாகப் போகும் மனையில் நிறுத்திவிட்டு நடந்தேன். தையல்காரரின் அம்மா எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தார்.

பொறியாளர் கொடுத்த கெடுவுக்கு ஒரு நாள் முன்னால், இன்று காலை வேலை தொடங்கியது. முதலில் வண்டி மேட்டின் மண்ணைப் பிடித்து நிறுத்த அதைச் சுற்றித்தான் கான்கிரீட் போட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு நாளைதான்.

நம் பெண் தன் வகுப்பை வரிசையாக அழைத்து வந்து காட்டினாள். நான் கலவை இயந்திரத்தின் பக்கம் நின்றிருந்தேன், அவள் என்னைக் கவனிக்கவில்லை. ஒரு குழந்தை அவள் புடவையைப் பிடித்து இழுத்து, "டீச்சர், இதான் நம்ம புது ஸ்கூலா?" என்று கேட்டது.

"இல்லடா கண்ணு," என்றாள் அவள். "இது நம்ம ஸ்கூலுக்குப் போற வழி."